டிசம்பரில் கூடும் கரை

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மறுநாள், சுனாமியின் ஏழாம் ஆண்டு நினைவு நாள். துயரம் வந்தால் ஒன்றாக எழுந்து நிற்கும் பழக்கம் அங்குள்ள மீனவக் குப்பங்களுக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கூட்டத்தில் இன்னும் இடம் கிடைக்காதவர்கள் யார்?

மார்கழி மாதத்தில் பழவேற்காட்டு முகத்துவாரத்தைக் கடக்கக் கரைக்காரர்கள் நேரம் பார்ப்பார்கள். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் பருவமழையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் ஏரியில் தளும்பி நிற்கும். வற்றம் தொடங்கியதும் அது குறுகலான வாய் வழியாகக் கடலைப் பார்த்து ஓடும். எதிரே காற்று அலையைத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஆழம் அதிகமில்லாவிட்டாலும் தண்ணீர் சுவர்போல எழும்பும். எந்த நேரத்தில் போகலாம், எந்தப் பக்கமாக ஒதுங்கிப் போகலாம் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு அது வெறும் அழகான நீர்ப்பரப்பு.

2011 டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை. விடுமுறையைக் கழிக்க வந்த உறவுக்காரர்களின் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் ஏறியது. பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம். படகு தாங்கும் அளவைவிட ஆட்கள் கூடுதல். உயிர்காப்புச் சட்டை இல்லை. படகு கவிழ்ந்தது. 22 உயிர்கள் போயின.

தண்ணீரில் முதலில் குதித்தவர்கள் உள்ளூர் மீனவர்கள். தீயணைப்புத் துறையோ காவல்துறையோ வந்து சேர்வதற்குள் படகுகளை எடுத்துக்கொண்டு போய், உயிரோடு இருந்தவர்களைத் தூக்கினார்கள். பிறகு இறந்தவர்களைத் தேடினார்கள். அந்த 22 பேரில் ஒருவர்கூட அந்தக் குப்பங்களைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் கரை முழுக்கச் சாவு வீடாக மாறியது.

பொழுது விடிந்தால் டிசம்பர் 26. 2004-ல் கடல் எழுந்து வந்த நாள். தங்கள் சொந்த இழப்பை நினைத்துக் கடற்கரைக்குப் போகவேண்டிய காலையில், அந்த ஊர் முகம் தெரியாத 22 பேரின் சாவைச் சுமந்துகொண்டு நின்றது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் மீஞ்சூர் வரும்வரை நகரத்தின் வாடை விடாது. வட காஞ்சி என்று பெயர் பெற்ற பழைய கோயில் ஊர் அது. இன்று அதற்குக் கிழக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், 2010-ல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் என்று வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் தாண்டி வடக்கே போனால்தான் மீஞ்சூர் ஒன்றியத்தின் இன்னொரு முகம் தெரியும். உப்பங்கழி, பனைமரம், வலை காயும் மணல், அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஏரி.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடிதான் தமிழ்நாட்டுக்கு. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கத்து முகத்துவாரம் ஏரியின் உயிர்நாடிகளில் ஒன்று. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று கோட்டை மேடாகிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் செதுக்கிய கற்களோடு நிற்கின்றன. அந்நியர் வந்து இறந்துபோவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகியவை ஏரியை ஒட்டியவை. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், சாத்தாங்குப்பம் ஆகியவை கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டின் மேல். பசியாவரத்தைச் சுற்றித் தண்ணீர். பெருமாள் கோயிலும் மசூதியும் மாதா கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டுக் கடைத்தெருதான் இவர்கள் எல்லாருக்கும் சந்தை. மீன் ஏலம் போவது அங்கே. அரிசி வாங்குவது அங்கே. பேருந்து ஏறுவதும் அங்கே. பனையோலையில் கூடையும் பெட்டியும் பின்னும் முஸ்லிம் பெண்கள் ஒரு தெருவில், மீன் கூடையைத் தலையில் ஏற்றும் மீனவப் பெண்கள் அடுத்த தெருவில்.

2004: கடல் வந்த காலை

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை ஆறரை மணியை ஒட்டிச் சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தது. இரண்டு இரண்டரை மணி நேரத்தில் அலை சோழமண்டலக் கரைக்கு வந்தது. அந்த இடைவெளியில் ஒரு வார்த்தை சொல்லி எச்சரிக்க நாட்டில் எந்த ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது 2007-ல்தான்.

தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணிக்கை முப்பதை ஒட்டி நின்றது. அதனால் இந்தக் கரையின் கதை பெரிய செய்திகளுக்குள் அமுங்கிப் போனது. ஆனால் மணல்திட்டுக் குப்பங்களில் நின்று யோசித்தால் அந்தக் காலையின் பயம் புரியும். முன்னால் கடல், பின்னால் ஏரி. மேட்டுக்கு ஓட மேடே கிடையாது. அலை வந்தபோது முகத்துவாரம் வழியே ஏரிக்குள்ளும் தண்ணீர் ஏறியது. படகும் வலையும் இயந்திரமும் போனவர்களுக்கு உயிர் மிஞ்சியது, பிழைப்பு மிஞ்சவில்லை.

அதற்குப் பின் நடந்தவற்றில் வெளியூர்க்காரர்களைத் திகைக்க வைத்தது ஒன்று உண்டு. நிவாரண வண்டிகள் வந்து நின்றபோது, கடற்கரை நெடுகிலும் மீனவக் கிராமங்கள் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னன. பொருளை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுங்கள், நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். பிரித்தபோது அதிகம் இழந்தவர், குறைவாக இழந்தவர் என்ற கணக்கு பல இடங்களில் பார்க்கப்படவில்லை. தலைக்கட்டுக்கு, அதாவது ஊருக்கு வரி கொடுக்கும் குடும்பத்துக்கு, இவ்வளவு என்று எல்லாருக்கும் சமமாகப் போனது. வீடு முழுதாக இருந்தவருக்கும் ஒரு பாய், வீடே போனவருக்கும் ஒரு பாய். தொண்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு இது அநியாயமாகப் பட்டது. ஊர்க்காரர்களுக்கு அது ஊர் உடையாமல் இருப்பதற்கான வழி. இன்றைக்குக் கூடக் குறைய என்று பார்த்தால் நாளைக்கு ஒரே படகில் ஏற முடியாது என்பது அவர்கள் கணக்கு.

பக்கத்து ஊரும் சாதி, மதம் பார்க்கவில்லை. கடற்கரையில் தெற்கே பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாஅத் மீனவக் குடும்பங்களுக்கு நாள்கணக்கில் சோறு போட்டதும், இறந்தவர்களை அடக்கம் செய்ய நின்றதும் அந்த நாட்களின் மறக்க முடியாத நினைவுகள்.

கூடுவது ஒரு பழக்கம்

துயரம் வந்ததும் மனித மனம் தானாக இளகிவிடும், எல்லாரும் ஓடிவந்துவிடுவார்கள் என்று நாம் நம்ப விரும்புகிறோம். ஓடிவருவதற்கு இளகிய மனம் போதும். வந்த பிறகு யார் எந்தப் பக்கம் தேடுவது, யார் சமைப்பது, வந்ததை எப்படிப் பிரிப்பது, நாலாம் நாளும் யார் நிற்பது என்பதற்கெல்லாம் பழகிய ஏற்பாடு வேண்டும். பழவேற்காட்டுக் குப்பங்களிடம் அது இருந்தது. துயரம் இல்லாத நாட்களில் அதைப் பழகி வைத்திருந்தார்கள்.

மீனவக் குப்பத்தில் கல்யாணமான ஆண் ஒருவர் தனிக் குடும்பமாக நின்றதும் தலைக்கட்டு ஆகிறார். ஊருக்கு வரி கொடுக்கிறார். அந்த வரியில் திருவிழா நடக்கும், வழக்குப் பேசப்படும், நோய்நொடிக்கு உதவி போகும். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்குத் தொழில் கிடையாது. அன்று மீன்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் படகு இறங்காது. ஒரு நாள் வருமானம் போவது கூலிக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமில்லை. ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு மீறப்படுவதில்லை; நாளைக்கு நம் வீட்டு வாசலிலும் ஊர் நிற்கவேண்டும் அல்லவா?

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் எல்லாப் படகும் தேடப் போகும். அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை. காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் போகின்றன, ஓர் உடல் எத்தனை நாளில் எங்கே ஒதுங்கும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் கரையிலேயே இருக்கிறார்கள். 2011-ல் அந்த 22 பேரைத் தேடியபோது உதவியதும் இந்த அறிவுதான். தங்கள் ஆட்களை இழந்து இழந்து கற்ற வித்தையை, அன்று அந்நியருக்காகச் செலவழித்தார்கள்.

பாடு: குலுக்கலில் கட்டிய ஊர்

இந்த ஒழுங்கின் அடித்தளத்தைப் பார்க்க ஏரிக்குள் போகவேண்டும்.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, அமைதியான உவர்நீரில் வளரும். வளர்ந்தபின் வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில் கம்பு நட்டு வலை கட்டுகிறவருக்கு இறால் கிடைக்கும். ஆனால் வழி குறுகல். வாய்க்கு அருகே இருக்கும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். வலை கட்ட விரும்புகிறவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள். யாருக்கு எந்த இடம்?

பலம் உள்ளவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் ஏரி முழுக்க அடிதடி நடந்திருக்கும். பணம் உள்ளவர் ஏலம் எடுக்கட்டும் என்று விட்டிருந்தால் ஏரி இரண்டு மூன்று வியாபாரிகள் கைக்குப் போயிருக்கும். இந்தக் கரையில் மீனவச் சாதியினரான பட்டினவர்கள் தலைமுறைகளாகக் கண்ட வழி, பாடு. பட்டியலில் பெயர் உள்ளவர்கள் அணிகளாகப் பிரிந்துகொள்வார்கள். எந்த அணி எந்த இடத்தில் எந்த முறையில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் வந்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். தண்ணீர் தரும் அதிர்ஷ்டத்தையும் நஷ்டத்தையும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். குறுக்கே யாராவது வலை கட்டினால் ஊர் கேட்கும், தண்டம் விதிக்கும்.

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போலக் கம்பு நட்டு வலை கட்டும் இறால் மீனவர்கள் சீட்டுக் குலுக்கியே இடம் பிரிக்கிறார்கள். அங்கே அந்த ஒழுங்கை அரசின் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் அது ஊர்க்கட்டாகவே தொடர்கிறது.

மழை பெய்த இரவில் பாட்டு முறைக்காகக் காத்திருந்து பழகியவருக்கு வரிசையில் நிற்பது தோல்வியாகத் தெரியாது. பக்கத்து அணியின் வலையில் இறால் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே தன் முறைக்குப் பொறுத்திருக்கத் தெரிந்த ஊருக்குத்தான், நிவாரண அரிசியைச் சமமாகப் பிரிக்கவும் தெரியும். சுனாமிக்குப் பின் பார்த்த சமப் பங்குக்கு இந்த ஏரியில்தான் பயிற்சி.

பட்டியலுக்கு வெளியே

இந்த ஊர்க்கட்டைப் போற்றுகிறவர்கள் அதன் விளிம்பையும் பார்த்தாகவேண்டும். பாட்டுப் பட்டியலில் இருப்பவர்கள் ஆண்கள். அதிலும் பட்டினவர்கள்.

கணவனை இழந்த பெண்ணைத் தலைக்கட்டாக எண்ணலாமா? சுனாமியின்போது கடற்கரை முழுக்க இந்தக் கேள்வி எழுந்தது. வரி கொடுப்பவர் இல்லாத வீடு பல ஊர்களில் பட்டியலில் விழவில்லை; விழாத வீட்டுக்குப் பங்கும் முழுதாகப் போகவில்லை. கணவனை அலை கொண்டுபோன அதே வாரத்தில், ஊர்க்கணக்கிலிருந்தும் அவள் பெயர் நழுவியது. விடிகாலையில் ஏலத்தில் நின்று, வட்டிக்கு வாங்கிய பணத்தில் மீன் எடுத்து, பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் கூடை சுமந்து விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறவள் அவள். ஊர் கூடும் இடத்தில் அவளுக்கு உட்கார இடமில்லை.

இருளர்கள் இன்னும் தள்ளி நிற்கிறார்கள். அவர்களுக்குப் படகு இல்லை, பெரும்பாலும் வலையும் இல்லை. இடுப்பளவு, கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவும் தொழில் அது. ஏரியை அவ்வளவு நெருக்கமாகத் தொட்டு வாழ்கிறவர்கள் வேறு யாரும் இல்லை. ஆனால் பாட்டில் அவர்களுக்குப் பங்கில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த மீனவர்களின் நிலையும் இதுவே.

ஆனால் இந்த விளிம்பு கல்லில் பொறித்ததும் அல்ல. பாட்டு உரிமை இல்லாத குப்பங்கள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டபோது ஏரியில் சண்டைகள் நடந்திருக்கின்றன. பேசிப் பேசிச் சில ஊர்கள் பின்னர் சேர்த்துக்கொள்ளவும் பட்டிருக்கின்றன. பட்டியல் நீண்டிருக்கிறது என்றால், இன்னும் நீள முடியும் என்றுதான் பொருள்.

அந்நியர் இறந்த நாள்

இதை மனதில் வைத்துக்கொண்டு 2011-ஐ மீண்டும் பார்த்தால் அதன் பெருமை தெரிகிறது. வரி கொடுக்காதவர்கள், தலைக்கட்டு இல்லாதவர்கள், சாதி தெரியாதவர்கள், ஊர் தெரியாதவர்கள். எந்தக் கணக்கின்படியும் அந்த 22 பேர் ஊருக்கு வெளியே இருந்தவர்கள். தண்ணீரில் விழுந்த நொடியில் அவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். யாரையும் சேர்ப்பதற்குப் பஞ்சாயத்துக் கூடவில்லை. கை நீண்டது.

அன்று எழுந்த கேள்விகளையும் கரை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. மீன்பிடிக்கக் கட்டிய படகில் இத்தனை பேரை ஏற்றலாமா? உயிர்காப்புச் சட்டை எங்கே? முகத்துவாரம் வரை போனது ஏன்? சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. விடுமுறை நாட்களில் நாலு பேரை ஏற்றிப் போய்ச் சம்பாதித்த குடும்பங்களுக்கு அந்த வருமானம் நின்றது. அதற்குப் பிறகும் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாக அவ்வப்போது செய்தி வரும், அதிகாரிகள் எச்சரிப்பார்கள், மறுபடி நடக்கும்.

தடை மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை, பழவேற்காட்டைப் போலவே, 22. அங்கேயும் உள்ளூர்க்காரர்களே முதலில் தண்ணீரில் இறங்கினார்கள். பதினோரு ஆண்டு இடைவெளியில் அதே பிழை, அதே எண், அதே கைகள். கற்றுக்கொள்ளவேண்டிய இடத்தில் நாம் கற்கவில்லை. காப்பாற்றும் வேலையை மட்டும் ஏழைகளிடம் விட்டுவிட்டோம்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும் மாடி வீட்டுக்காரர்களை மீட்கத் தெருவுக்குள் படகு ஓட்டி வந்தவர்கள் மீனவர்கள். 2018 கேரள வெள்ளத்தில் லாரிகளில் படகை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரை போனவர்கள் மீனவர்கள். நம் கரையின் பேரிடர் மீட்புப் படை அவர்கள். சம்பளமும் சீருடையும் மட்டும் இல்லை.

மெதுவாக வரும் துயரம்

படகு கவிழ்வதும் அலை எழுவதும் ஒரே நாளில் நடந்து முடிந்துவிடுகின்றன. பத்திரிகைகள் வருகின்றன, அமைச்சர்கள் வருகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும் துயரத்துக்கு யாரும் வருவதில்லை.

மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுவது அப்படிப்பட்ட ஒன்று. வாய் அடைபட்டால் ஏற்றமும் வற்றமும் நிற்கும்; இறால் குஞ்சு உள்ளே வராது; ஏரி ஒரு பக்கம் உப்பேறி மறுபக்கம் மேடாகும். கடலுக்குப் போகும் படகுகளும் தரை தட்டும். பல ஆண்டுகள் மீனவர்களே கூடி மணலை அள்ளி வழி திறந்திருக்கிறார்கள். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க நேர்கல் சுவர் கேட்டு நெடுங்காலம் மனு மேல் மனு போட்டார்கள்.

தெற்கே எண்ணூரில் 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படர்ந்தது. மறுபடியும் ஒரு டிசம்பர். படகும் வலையும் கருத்துப்போன நிலையில், வாளியாலும் கையாலும் அந்த எண்ணெயை அள்ளியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது, இதுவரை தனித்தனியாக நின்றவர்கள் ஒரே பக்கம் வந்தார்கள். கடலின் ஒரு பகுதியைத் தூர்ப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. கரை அரிப்பு கூடும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு தாங்காது, ஏரி கடலோடு கலந்துவிடும் என்பது கரைக்காரர்களின் அச்சம். 2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. 2023 செப்டம்பர் 5 என்று குறித்ததும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் எதிர்ப்புக் குரலில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். மீன் கூடைக்காரிகள், பாட்டு மீனவர்கள், பாடு இல்லாத மீனவர்கள், உள்நாட்டு விவசாயிகள் என்று அந்தக் கூட்டத்தில் ஊர்ப் பட்டியலின் பழைய கோடுகள் மங்கின. ஏரி போய்விட்டால் பாட்டில் பெயர் இருந்தும் பயனில்லை என்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள்.

இனி என்ன செய்யலாம்?

நெஞ்சு கனக்க நினைவு நாள் அனுசரிப்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்த 22 பேருக்கும் சுனாமியில் போனவர்களுக்கும் நாம் செய்தது குறைவு. செய்யக்கூடியவை கண்ணெதிரே இருக்கின்றன.

சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டுவிட்டு எட்டிப்பார்க்காமல் இருப்பதைவிட, அதை ஒழுங்கோடு நடத்த வழி காணலாம். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் மேலேயே எழுதவேண்டும். உயிர்காப்புச் சட்டை போடாதவரை ஏற்றக்கூடாது. ஏறுகிறவர் பெயர் கரையில் எழுதி வைக்கப்படவேண்டும். முகத்துவாரப் பக்கம் எந்தச் சவாரியும் போகக்கூடாது. முறை வைத்துப் படகு விடும் பொறுப்பைக் குப்பங்களிடமே கொடுத்தால், பாட்டை நடத்தத் தெரிந்தவர்களுக்கு அது கடினமாக இருக்காது.

மீட்பில் முதலில் இறங்கும் மீனவ இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சியும், மீட்புச் சாதனங்களும், காப்பீடும் அரசு தரவேண்டும். தண்ணீரிலிருந்து குழந்தையைத் தூக்கியவருக்கு, அடுத்த நிமிடம் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் பிழைக்கும் உயிர்கள் கூடும். இறந்த உடல்களைத் தூக்கியவர்களின் தூக்கத்தைப் பற்றியும் யாராவது கேட்கவேண்டும். அந்தக் கைகள் மறுநாள் காலையில் மறுபடி வலையைத்தான் தொடுகின்றன.

மூன்றாவதை அரசால் செய்ய முடியாது, ஊர்தான் செய்யவேண்டும். கைம்பெண்ணின் வீட்டை முழுத் தலைக்கட்டாக எழுதவேண்டும். மீன் விற்கும் பெண்களுக்கு ஊர்க்கூட்டத்தில் பாய் விரிக்கவேண்டும். ஏரியை நம்பி வாழும் இருளர் குடும்பங்களின் பெயரும், பாடு இல்லாத குப்பங்களின் பெயரும், நிவாரணத்துக்கும் மீட்புக்கும் ஊர் வைத்திருக்கும் கணக்கில் ஏறவேண்டும். இது பெரிய மாற்றம்தான். ஆனால் பெயர் தெரியாத 22 பேருக்காகத் தண்ணீரில் இறங்கிய கரைக்கு, பெயர் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரியைச் சேர்த்துக்கொள்வது முடியாத காரியமா?

டிசம்பர் மறுபடி வரும். புயல் சின்னம் உருவாகும், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வரும், படகுகள் மேட்டுக்கு ஏறும். அன்றைக்குப் புதிதாகப் பட்டியல் எழுத யாருக்கும் நேரம் இருக்காது. யார் வந்துசேரவில்லை, யாரைத் தேடவேண்டும், யாருக்குச் சோறு போகவில்லை என்று பார்க்க, ஊர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பட்டியலைத்தான் எடுத்து வாசிக்கும். அதில் இல்லாத பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் கடல் அமைதியாக இருக்கும் நாளிலேயே, அடுத்த குலுக்கலுக்கு முன்பாகவே, அந்தப் பெயர்களை எழுதிவிட வேண்டும்.